திறக்கிற கடையும் பூட்டுகிற மாத்திரையும்

2023 ஜூலை 31ஆம் தேதி புரோசார்டிலிருந்து மொன்றியல் நடுநகருக்கு ஆர்.இ.எம். ரயில் ஓடத் தொடங்கியது. சாம்ப்ளேன் பாலத்தில் பஸ்ஸுக்குள் நெரிபட்டுப் பழகிய எங்கள் சனம் அந்தக் கிழமை முழுவதும் அதைப் பற்றியே கதைத்தது. சாரதி இல்லாமல் ஓடுகிற ரயில் என்பதில் கிழவர்களுக்கு வியப்பு, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பத்து நாள் கழித்து, ஆகஸ்ட் 10ஆம் தேதி, ஆற்றுக்கு அக்கரையில் இன்னொன்று நடந்தது. டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க், ஒஸெம்பிக் ஊசி செய்கிற அதே கம்பனி, மொன்றியலின் இன்வர்சாகோ என்ற சிறிய மருந்துக் கம்பனியை வாங்கப்போவதாக அறிவித்தது. எல்லா நிபந்தனைகளும் நிறைவேறினால் விலை 107.5 கோடி அமெரிக்க டொலர். இதைப் பற்றி எங்கள் வீடுகளில் எவரும் வாய் திறக்கவில்லை.

இன்வர்சாகோவின் கையில் இருந்தது ஒரு மாத்திரை. மூளை, ஈரல், குடல், கொழுப்பு என்று உடம்பெங்கும் இருக்கிற சி.பி.1 என்ற ஏற்பியை அடைப்பது அதன் வேலை. அதே ஏற்பியைத் திறக்கிற சரக்கான கஞ்சாவை 2018 அக்டோபர் 17 முதல் கியூபெக் அரசாங்கமே எஸ்.க்யூ.டி.சி. என்று பெயர்ப்பலகை மாட்டி விற்கிறது. 2020இலிருந்து வயதெல்லை 21. அந்த வயது தாண்டிய எவரும் அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம். ஒரே மாகாணத்தில் அரசாங்கம் சாவி விற்கிறது, தனியார் கம்பனி பூட்டுச் செய்கிறது. இரண்டும் பொருந்துகிற கதவு நம் உடம்புக்குள்ளே, பசிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கஞ்சா பற்றி எங்கள் வீடுகளில் நடக்கிற பேச்சு ஒரே வரியோடு முடிந்துவிடும். "ஊரில பொலிஸ் பிடிக்கிற சாமானை இஞ்ச கவர்மென்ட் கடை வைச்சு விக்குது தம்பி, இதென்ன நாடு!" என்று ஒரு பெரியவர் ரயிலுக்குக் காத்திருந்தபோது என்னிடம் அங்கலாய்த்தார். அதே பெரியவரின் பாட்டன் காலத்தில் கஞ்சா சேர்ந்த லேகியம் வைத்தியர் வீட்டுப் பரணில் இருந்திருக்கும். சித்த மருத்துவம் அதை அறியும். 1839இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஐரிஷ்காரர் ஓஷோனசி, இந்தியர்கள் பயன்படுத்துவதைப் பார்த்துத்தான் அதை ஐரோப்பிய மருத்துவத்துக்குக் கொண்டுபோனார். அதைத் தின்றவருக்குப் பசி கூடுவதை அவரும் குறித்திருக்கிறார். பசி கூடும் என்பது நாட்டு வைத்தியருக்கும் தெரியும், மதில் ஓரத்தில் நின்று புகைத்துவிட்டு வந்து சட்டியை வழித்துத் தின்கிற பெடியனுக்கும் தெரியும். ஏன் கூடுகிறது என்பதுதான் 150 வருடங்களாக எவருக்கும் தெரியாமல் கிடந்தது.

1964இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் காவோனியும் கஞ்சாவில் போதை தருகிற பொருளான டி.எச்.சி.யைத் தனியே பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டார்கள். ஆராய்ச்சிக்கான ஹஷீஷைப் பொலிஸிடம் கேட்டு வாங்கி, ஐந்து கிலோப் பொதியோடு பொது பஸ்ஸில் வந்த கதையை மெக்கூலம் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்லுவார். அதற்கு 24 வருடங்களுக்குப் பிறகு, 1988இல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஆலின் ஹௌலெட்டும் அவரது மாணவர் வில்லியம் டிவேனும் எலி மூளையில் டி.எச்.சி. போய் ஒட்டுகிற இடம் ஒன்று இருப்பதைக் காட்டினார்கள். அதுதான் சி.பி.1. மனித மூளை தாங்குகிற இந்த வகை ஏற்பிகளில் மிக அதிகம் இருப்பவற்றில் அதுவும் ஒன்று என்று பிறகு தெரிந்தது.

ஒரு செடிக்காக உடம்பு இவ்வளவு ஏற்பிகளைச் சுமக்காது. நமக்குள்ளேயே ஊறுகிற ஏதோ ஒன்றுக்காகத்தான் அவை இருக்க வேண்டும். டிவேன் ஜெருசலேமுக்கே போய், மெக்கூலத்தின் ஆய்வுக்கூடத்தில் லூமிர் ஹனூஷோடு சேர்ந்து, 1992இல் பன்றி மூளையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். 1995இல் இரண்டாவது பொருள் கிடைத்தது. அதன் நீண்ட பெயரை 2-ஏ.ஜி. என்று சுருக்கிச் சொல்வார்கள். இரண்டும் கொழுப்பிலிருந்து பிறப்பவை. உடம்பு இவற்றை முன்கூட்டியே செய்து சேர்த்து வைப்பதில்லை. தேவைப்படும்போது உயிரணுவின் சவ்விலிருந்தே வெட்டி எடுக்கும், வேலை முடிந்ததும் அழித்துவிடும். நரம்புகளுக்கிடையே இவை ஓடுவதும் எதிர்த்திசையில். செய்தியை வாங்குகிற உயிரணுவிலிருந்து புறப்பட்டு, அனுப்பிய உயிரணுவிடம் போய் "போதும், குறை" என்று சொல்லும். 2001இல்தான் இது உறுதியானது.

அடக்குவதுதான் இதன் வேலை என்றால், பசியை எப்படித் தூண்டும்? பசியை அடக்கி வைத்திருக்கிற நரம்புகளை அது அடக்கிவிடுகிறது என்பது ஒரு பதில். 2015இல் யேல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹோர்வத்தின் குழு கண்டது அதைவிட விசித்திரம். மூளையின் அடியில், ஹைப்போதலாமஸில், "வயிறு நிரம்பிவிட்டது" என்று சொல்வதற்கென்றே சில நரம்பணுக்கள் இருக்கின்றன. சி.பி.1 தூண்டப்பட்டபோது ஆய்வுச் சுண்டெலிகளில் அவை வாயடைத்துப் போகவில்லை. முன்னைவிட மும்முரமாக வேலை செய்தன. ஆனால் நிறைவுச் செய்திக்குப் பதிலாக எண்டோர்ஃபினை வெளியிட்டு, சுண்டெலியை மேலும் தின்ன வைத்தன. கடைசிப் பந்திக்குக் காவல் நின்றவரே அண்டாவைத் திறந்துவிட்ட கதை இது. நிறைந்த வயிற்றோடு தொடர்ந்து தின்பவனைப் பார்த்து "இவனுக்குப் போதும் என்ற உணர்வே இல்லையா" என்று கேட்கிறோம். உணர்வு இருக்கிறது, அது வேறு பாஷை பேசத் தொடங்கிவிட்டது.

இந்த இடத்தில் ஹோர்மோன்கள் வருகின்றன. கொழுப்புத் திசு சுரக்கிற லெப்டின், உடம்பில் சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்று மூளைக்கு அறிவிக்கிறது. வெறும் வயிறு சுரக்கிற கிரெலின், சாப்பாட்டு நேரத்தை நினைவூட்டுகிறது. 2001இல் இத்தாலியரான வின்சென்சோ டி மார்சோவும் ஜோர்ஜ் கூனோஸும் சக ஆய்வாளர்களும் எலிகளிலும் சுண்டெலிகளிலும் ஒன்றைக் காட்டினார்கள். லெப்டின் வேலை செய்யாத பிராணிகளின் ஹைப்போதலாமஸில் உட்கன்னபினாய்டுகள், அதாவது உடம்பே செய்கிற ஆனந்தமைடும் 2-ஏ.ஜி.யும், கூடியிருந்தன. லெப்டினைக் கொடுத்தால் குறைந்தன. சேமிப்பு இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேருகிற வழியில் கன்னபினாய்டுகளும் நிற்கின்றன. கிரெலின் பசியைக் கிளப்பவும் சி.பி.1 வேண்டும். அதை அடைத்துவிட்டால் கிரெலினின் குரல் கம்மிவிடும். டி மார்சோ இப்போது கியூபெக் நகரின் லவால் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். புரோசார்டிலிருந்து நெடுஞ்சாலை 20இல் மூன்று மணி நேரத்துக்கும் குறைவான ஓட்டம். குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் இந்த அமைப்புக்கும் உள்ள உறவுதான் அங்கே அவருடைய பாடம்.

அதே கியூபெக் நகரில் 2007இல் வெளியான ஓர் ஆய்வு பருத்த ஆண்களை எடுத்துக்கொண்டது. மொத்த எடையைவிட, குடலைச் சுற்றி வயிற்றுக்குள் படிகிற கொழுப்பு கூடியவர்களின் இரத்தத்தில்தான் 2-ஏ.ஜி. கூடுதலாக இருந்தது. அந்தப் பெறுபேற்றைப் படிக்கும்போது எங்கள் ஆட்களின் உடலமைப்புக் கண்ணில் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. கையும் காலும் மெலிவு, வயிறு மட்டும் முன்னுக்கு. சட்டை போட்டால் ஆள் ஒல்லி, இரத்தத்தைச் சோதித்தால் சீனி. சென்னையை மையமாகக் கொண்டு நடந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023இல் இந்தியாவின் நீரிழிவுக்காரர்களை 10.1 கோடி என்று மதிப்பிட்டது. அந்த வயிறு விமானமேறி வந்தாலும் அதே வயிறுதான்.

பசியின் முதல் வாசல் மூக்கு. 2014இல் பிரான்சின் போர்தோவில் ஜொவானி மார்சிகானோவின் குழு பட்டினி போட்ட சுண்டெலிகளின் மூளையில் வாசனையை அறிகிற பகுதியைப் பார்த்தது. பட்டினியில் அங்கே கன்னபினாய்டு ஏறுகிறது, மோப்பம் கூர்மையாகிறது, சுண்டெலி கூடுதலாகத் தின்கிறது. வேலை முடிந்து பசியோடு வருகிறவனுக்கு அடுத்த தொடர்மாடியில் யாரோ வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளிப்பது ஐந்தாவது மாடியில் மணக்கிறதென்றால், அவன் மூக்கைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாக்குக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2011இல் கலிபோர்னியாவில் டிபாட்ரிசியோவும் பியோமெல்லியும் எலிகளுக்குச் சோள எண்ணெய் கொடுத்து, வயிற்றில் தங்காமல் வடியும்படி செய்தார்கள். எண்ணெயின் சுவை நாக்கில் பட்டதுமே சிறுகுடலில் கன்னபினாய்டு பெருகியது. சீனிக்கோ புரதத்துக்கோ அப்படி நடக்கவில்லை. பருப்பு வடையின் இரண்டாவது துண்டை எடுக்கிற கை யாருடையது என்று நான் இப்போது கேட்பதில்லை.

மன அழுத்தமும் நித்திரையும் சேரும்போது விஷயம் இன்னும் சிக்கலாகிறது. மன அழுத்தம் என்ற கருத்தே மொன்றியலில் பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது. 1936இல் மக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹான்ஸ் செல்யே, எலிகளுக்கு எந்த வகைத் துன்பம் கொடுத்தாலும் உடம்பு ஒரே மாதிரியே எதிர்வினை காட்டுவதை 'நேச்சர்' இதழில் எழுதினார். அட்ரினல் சுரப்பி வீங்குகிறது, தைமஸ் சுருங்குகிறது, வயிற்றில் புண் வருகிறது. பிறகு அவர் மொன்றியல் பல்கலைக்கழகத்துக்கு மாறி அங்கேயே வாழ்நாளைக் கழித்தார். அட்ரினல் சுரப்பியின் ஹோர்மோனான கார்டிசோலுக்குக் கடிவாளம் போடுவது கன்னபினாய்டு அமைப்பு என்பதைக் கல்கரியில் மத்தியூ ஹில் போன்றவர்கள் பின்னாளில் விவரித்தார்கள். அமைதியான வேளையில் ஆனந்தமைடு அழுத்த எதிர்வினையைத் தாழ்த்தி வைத்திருக்கிறது. அழுத்தம் வந்ததும் அது குறைந்து அலாரம் அடிக்க விடுகிறது. பிறகு கார்டிசோலே 2-ஏ.ஜி.யை ஏற்றி, அலாரத்தை அணைக்கச் சொல்கிறது. அழுத்தத்தை அணைக்க எழுகிற 2-ஏ.ஜி.தான் பசியையும் எழுப்புவது. கவலையில் இருப்பவன் குளிர்பெட்டியைத் திறப்பது வெறும் பழக்கதோஷம் இல்லை.

2016இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 14 இளைஞர்களை நான்கு இரவுகள் எட்டரை மணி நேரமும், இன்னொரு முறை நான்கு இரவுகள் நாலரை மணி நேரமும் மட்டும் படுக்கையில் விட்டார்கள். இரத்தத்தில் 2-ஏ.ஜி. நடுநித்திரையில் தாழ்ந்து நண்பகல் தாண்டி உச்சிக்கு ஏறுவது வழக்கம். நித்திரை குறைந்தவர்களில் அந்த உச்சி மேலும் உயர்ந்து, பின்னேரம் வரை இறங்க மறுத்தது. நல்ல சாப்பாடு சாப்பிட்டு அதிக நேரம் ஆகாதபோதும் அவர்கள் கொழுப்புள்ள தின்பண்டங்களைக் கையில் எடுத்தார்கள்.

எங்கள் தலைமுறையில் எத்தனை பேர் இரவு வேலை செய்தே வீடு வாங்கினார்கள்! வெதுப்பகத்தில், தொழிற்சாலையில், அலுவலகங்களின் நிலம் துடைத்து. காலை ஏழு மணிக்கு வந்து படுத்து, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வருவதற்குள் எழும்பி, சமைத்து, பின்னேரம் நின்ற நிலையில் மிக்சரையும் பகோடாவையும் கொறித்து, மறுபடி வேலைக்கு. பிறகு ஒரு நாள் இரத்தச் சோதனைப் பெறுபேறு கையில் வரும்போது, "அண்ணை, நீங்கள் வாயைக் கட்டேல்லை" என்று சொந்தக்காரர் சொல்லுவார். அந்தச் சொல்லை நான் வெறுக்கிறேன். வாயைக் கட்டுவதற்கு வேண்டிய நித்திரையை அந்த மனிதர் வீட்டுக் கடனுக்கு ஈடு வைத்துவிட்டார்.

இனப்பெருக்க ஹோர்மோன்களைப் பற்றி விரிவாகச் சொல்ல இங்கே இடமில்லை. டி.எச்.சி. பிட்யூட்டரி சுரப்பியின் எல்.எச். ஹோர்மோனைத் தாழ்த்துகிறது, கரு கருப்பையில் ஒட்டுகிற நாட்களில் ஆனந்தமைடின் அளவு தாழ்ந்திருக்க வேண்டும் என்கிற இரண்டைச் சொன்னால் போதும். மசக்கைக்குக் கஞ்சா நல்லது என்று இங்கே யாராவது சொன்னால் காதில் போட வேண்டாம். கனடிய மகப்பேற்று மருத்துவர்கள் கர்ப்பத்தில் அதைத் தொடவே வேண்டாம் என்கிறார்கள்.

பசியைத் தூண்டுகிற செடியைப் பயன்படுத்துகிறவர்கள் சராசரியில் பருமன் குறைந்தே இருக்கிறார்கள் என்பது இன்னொரு புதிர். கியூபெக்கின் வடபகுதியான நுனாவிக்கில் இனுவிட் மக்களிடையே நடத்தி 2015இல் வெளியான ஆய்வும் அதையே கண்டது. சி.பி.1 எப்போதும் டி.எச்.சி.யில் ஊறிக்கிடந்தால் உடம்பு அந்த ஏற்பியையே குறைத்துக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம். அதைக் கேட்டுவிட்டுச் சீனி நோய்க்கு மருந்து கிடைத்தது என்று கடைக்கு ஓடுவது முட்டாள்தனம். நீண்ட காலம் மிகையாகப் புகைத்தவர்களில் சிலருக்குப் பசிக்குப் பதில் ஓயாத வாந்தி வருகிறது. சுடுநீரில் குளித்தால் மட்டும் தணிகிற வாந்தி. 2004இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் அதை முதலில் விவரித்தார்கள்.

இனி அந்தப் பூட்டின் கதைக்கு வருகிறேன். 2001இல் இஸ்ரேலிய ஆய்வாளர் எஸ்தர் ஃப்ரைட், பிறந்து ஒரு நாள் ஆகாத சுண்டெலிக் குட்டிகளுக்கு சி.பி.1ஐ அடைக்கிற ஒரு பொருளைக் கொடுத்தார். குட்டிகள் தாயின் முலையைப் பற்றவில்லை. பால் உறிஞ்சவில்லை. சில நாட்களுக்குள் பெரும்பாலானவை செத்துப்போயின. தாய்ப்பாலில் 2-ஏ.ஜி. இருப்பதும் தெரிய வந்தது. பிறந்த உயிர் முதல் வாய்ப் பால் குடிப்பதற்கே இந்த அமைப்பு திறந்திருக்க வேண்டும். மெலிவதற்கான மருந்துப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு ஞாபகம் வருகிறது. காரணம், குட்டிகளுக்குக் கொடுத்த அந்தப் பொருள் பிரெஞ்சுக் கம்பனியான சனோஃபியின் எஸ்.ஆர்.141716ஏ. ஐந்தே வருடங்களில் அது ரிமோனபான்ட் என்ற பெயரில் ஐரோப்பிய மருந்துக்கடைகளுக்கு வந்தது.

அதை முன்னின்று பரிசோதித்தவர்களில் ஒருவரும் கியூபெக்காரர், லவாலின் ஜான்-பியேர் தெப்ரே. 1,036 பேரைக் கொண்ட அவரது ஆய்வு 2005இல் வந்தது. ஒரு வருடத்தில் வெற்று மாத்திரைக் குழுவைவிட ஏறக்குறைய 5 கிலோ எடை குறைவு, இடுப்பளவு குறைவு, நல்ல கொழுப்பு ஏற்றம். இதயநோய் மருத்துவர்களுக்கு இது விருந்தாக இருந்தது. 2006 ஜூனில் ஐரோப்பா அனுமதித்தது. 2007 ஜூனில் அமெரிக்க நிபுணர் குழு 14 பேரும் ஒருமனதாக மறுத்தார்கள். அவர்களுக்கு உறுத்தியது எடைக்கணக்கு அல்ல. மருந்து எடுத்தவர்களில் மனச்சோர்வும் பதற்றமும் கூடியிருந்தன. மனச்சோர்வின் காரணமாக மாத்திரையைக் கைவிட்டவர்கள் மற்றக் குழுவைவிட இரண்டரை மடங்கு. அதுவும் மனச்சோர்வு உள்ளவர்களை முன்கூட்டியே விலக்கிவிட்டு நடத்திய பரிசோதனைகளில்! வெளியுலகில் அப்படி யாரையும் விலக்க முடியாது. தற்கொலைகளும் பதிவாகின. 2008 அக்டோபரில் ஐரோப்பா விற்பனையை நிறுத்தியது. இந்தியா 2009 டிசம்பரில் தடை செய்தது.

அந்த மாத்திரையின் தோல்வி மருந்தியல் விபத்தாக எனக்குப் படவில்லை. பசியும் வாழும் ஆசையும் ஒரே ஏற்பியில் கைவைத்து நிற்கின்றன. சோற்றைக் கண்டால் முகம் மலர்வதற்கும், விடிந்தால் எழும்ப வேண்டும் என்று தோன்றுவதற்கும் இடையே உடம்பு சுவர் கட்டி வைக்கவில்லை. கவலைப்பட்டவனைப் பார்த்து "சாப்பிட்டியா?" என்று கேட்கிற எங்கள் அம்மாக்களுக்கு ஏற்பி பற்றி எதுவும் தெரியாது. ஆனாலும் கேட்கிற இடம் சரி.

மொன்றியல் இன்வர்சாகோவின் யோசனை இந்தச் சிக்கலைச் சுற்றிப் போவது. ஈரல், கொழுப்பு, குடல் ஆகியவற்றில் உள்ள சி.பி.1ஐ மட்டும் அடைத்து, மூளைக்குள் பெரிதாக நுழையாத மாத்திரை. மொன்லுனபான்ட் என்று பெயர். நல்ல யோசனைதான், பாராட்டுகிறேன். கனடாவில் பருமன் கொண்ட 243 பேரிடம் சோதித்த பெறுபேறு 2024 செப்டம்பரில் வந்தது. 16 கிழமையில் தினம் 10 மில்லிகிராம் எடுத்தவர்கள் 7.1 கிலோ குறைந்தார்கள். வெற்று மாத்திரைக்காரர்கள் 0.7 கிலோ. கூடவே வந்தன பதற்றம், எரிச்சல், நித்திரைக் குழப்பம். பெரும்பாலும் இலேசானவை, நடுத்தரமானவை என்று கம்பனி சொன்னது. ஆனால் அளவு கூடக் கூட அவையும் கூடின. நோவோவின் பங்கு விலை அன்றைக்கே சரிந்தது. எடையில் வெற்றி பெற்ற மருந்தைப் பார்த்துச் சந்தை ஏன் பயந்தது என்பதை ரிமோனபான்டை நினைவில் வைத்திருப்பவர்கள் அறிவார்கள்.

ஊசியோ மாத்திரையோ, பசியை அடக்குகிற மருந்து எங்கள் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. கலியாண வீடுகளில் அதுவே பேச்சு. அந்த மருந்தோடு கஞ்சாவும் எடுக்கிறவர் என்றால் வெட்கத்தை விட்டு டொக்டரிடம் சொல்லுங்கள், அவர் உங்கள் அப்பாவிடம் போய்ச் சொல்லமாட்டார். மெலிகிற மருந்து எடுக்கிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், எத்தனை கிலோ குறைந்தது என்று கேட்பதற்கு முன் அவர் எப்படி நித்திரை கொள்கிறார், முன்போலச் சிரிக்கிறாரா, சின்னச் சின்ன விஷயங்களுக்கு எரிந்து விழுகிறாரா என்று கவனியுங்கள். மாற்றம் தெரிந்தால் அடுத்த சந்திப்பு வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.